முன்தாளில் மழைக்கணக்கு

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முன்தாளில் முதலில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. தாத்தா தொட்டெழுதும் பேனாவில் குறித்தவை பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு. அப்பா நீலப் பேனாவில் எழுதியவை பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த தேதி, வேலைக்குப் போன தேதி. இரண்டுக்கும் நடுவே கிடைத்த சந்துகளில் பென்சிலால் அப்பத்தா எழுதியிருந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசமெல்லாம் பார்க்கமாட்டாள். அவள் எழுதி வைத்தது மழையை மட்டும்.

“ஐப்பசி 4 ராத்திரி நல்ல மழை.” “கார்த்திகை 11 தூத்தல்.” “கம்மாய் நெறஞ்சது தோத்திரம்.” ஒரு வரி மட்டும் கொஞ்சம் நீளம்: “1964 மார்கழி 8 பேய்க்காத்து. கோயில் ஓடு பறந்துருச்சு.” தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலின் வால் அது. டிசம்பர் 22 இரவு அங்கே ரயிலும் ஊரும் கடலுக்குள் போயின. விடிவதற்குள் எங்கள் ஊர் வேதக்கோயிலின் ஓடு போயிற்று. இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ். அதைப் பற்றி அப்பத்தா ஒன்றும் எழுதவில்லை. கிறிஸ்துமஸ் வருஷம் தவறாமல் வந்துவிடும், குறித்து வைக்க என்ன இருக்கிறது? மழை அப்படியா வருகிறது?

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழியைத் தாண்டி, குண்டாற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டில் எங்கள் ஊர். கரிசல் புஞ்சை. வானம் பார்த்த வெள்ளாமை. கம்பு, குதிரைவாலி, மல்லி, பருத்தி, ஓரத்தில் பாசிப்பயறு. பதினைந்து வீடுகளை ஊர் ‘வேதக்காரங்க வீடு’ என்று சொல்லும். அந்தப் பதினைந்து வீடுகளின் வருஷம் எப்படி ஓடியது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோயில் சுவரில் தொங்கும் திருச்சபைப் பஞ்சாங்கம் ஒன்று. அப்பத்தாவின் பென்சில் பஞ்சாங்கம் இன்னொன்று. இரண்டும் சில மாதங்களில் கைகோத்து நடக்கும், சில மாதங்களில் ஒன்றையொன்று பார்த்து முகம் திருப்பிக்கொள்ளும்.

இந்த வறண்ட நாட்டுக்குக் கிறிஸ்தவம் ஒரே பாதையில் வந்து சேரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியின் வழியில் வந்தவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்களுக்குப் பிப்ரவரி என்றால் ஓரியூர். அவர்களுடைய புனிதர் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்ட இடம். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலிக்கன் சபைகள். எங்களுக்கு வாய்த்தது மூன்றாவது பாதை: யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன். திருமங்கலம், பசுமலை, மண்டபசாலை, அருப்புக்கோட்டை என்று அதன் நிலையங்கள் கரிசலுக்குள் நீண்டன.

இந்த அமெரிக்கர்களைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. இவர்கள் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் பரம்பரை. அந்தப் பரம்பரைக்குப் பண்டிகை ஆகாது. வேதத்தில் தேதி போடாத பண்டிகையை மனிதன் ஏன் உண்டாக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையானது 1856இல். அதற்குள் மதுரை மிஷனுக்கு இருபத்திரண்டு வயது. ஆக, எங்கள் முன்னோர்களுக்குக் கிறிஸ்துவைச் சொன்னவர்கள் கிறிஸ்துமஸைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அல்லர். லெந்து என்ற நோன்பு நாட்களும் அவர்கள் சரக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஜெபம், வேதவாசிப்பு, எழுத்தறிவு. அவ்வளவுதான்.

பிறகு இத்தனை பண்டிகைகள் எப்படி வந்தன? 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் நாங்களும் ஒரே கூரைக்குள் வந்தோம், ஒரே பஞ்சாங்கம் வந்தது என்பது ஏட்டில் உள்ள பதில். என் பதில் வேறு. கல்யாணத்தில் வந்தன. அப்பத்தா சாத்தூருக்குத் தெற்கே பிறந்தவள், ஆங்கிலிக்கன் வீட்டுப் பெண். வந்த முதல் வருஷமே, லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்று கருப்பட்டிக் காப்பியை நிறுத்திவிட்டாளாம். “இது என்னம்மா புதுப் பழக்கம், நம்ம சபையில கிடையாதே” என்று மாமனார் கேட்டிருக்கிறார். “எங்க வீட்டுல உண்டு மாமா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வாதம் அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் மாமனாரும் வெற்றிலையை விட்டார். திருச்சபை ஐக்கியத்துக்காக ஏறத்தாழ முப்பது வருஷம் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். வீட்டில் அது ஒரு தம்ளர் காப்பியில் நடந்தது.

நாம் ஆதிகாலத்துச் சங்கதி என்று நினைப்பவற்றில் பல நேற்று வந்தவை. அறுப்பின் பண்டிகையை இன்றைய வடிவில் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் இருந்த ஹாக்கர் என்ற குரு, வருஷம் 1843. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை மொரேவியர்களிடம் தொடங்கி, வெஸ்லியின் மெதடிஸ்டுகளிடம் வளர்ந்து, எங்கள் ஊர் ஓட்டுக் கோயிலில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் வழக்கமாக வந்து நிற்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது. எனக்கு வரவில்லை. ஒட்டுத்துணிப் போர்வையும் குளிரை அடக்கத்தான் செய்கிறது.

வேதப்புத்தகத்தின் நிலம் எங்களுக்கு அந்நியமாக இருந்ததே இல்லை. பாலஸ்தீனமும் மழைக்காட்டு நாடு அல்ல. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை இறங்கியதும் உழுது விதைக்கிறார்கள். பங்குனி வாக்கில் கடைசி மழை. முன்மாரி, பின்மாரி என்ற சொற்களுக்கு எங்கள் ஊரில் யாரும் உரை கேட்டதில்லை. எல்லா மாதமும் மழையோ பனியோ பெய்யும் பாஸ்டனிலிருந்து வந்த துரைக்கு அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். வழியோரம் விழுந்த விதை, கல்லில் விழுந்த விதை, முள்ளுக்குள் விழுந்த விதை என்று உபதேசியார் சொல்லிக்கொண்டு போகும்போது, எந்த விதை யார் புஞ்சையில் விழுந்தது என்று பெண்கள் பக்கத்தில் கிசுகிசுப்பார்கள். மூன்றரை வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு எலியா தீர்க்கதரிசி கண்ட, உள்ளங்கை அளவு மேகம் கடலிலிருந்து எழும்பியது. அவருக்குக் கடல் மேற்கே. எங்களுக்குக் கிழக்கே. புரட்டாசிக் கடைசியில் அப்பத்தா வாசலில் நின்று கிழக்கே பார்ப்பது அந்தக் கையளவு மேகத்துக்காகத்தான். மழை தவறிப்போன வருஷத்தில் ஊர் கொடும்பாவி கட்டி இழுக்கும், மழைக்கஞ்சி காய்ச்சும். அதே வாரம் நாங்கள் கம்மாய்க்கரையில் மழைஜெபம் வைப்போம். இரண்டுக்கும் எல்லோரும் வருவார்கள். பெய்தபின் யாருடைய வேண்டுதலுக்குப் பெய்தது என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் லெந்து மட்டும் எங்கள் மண்ணோடு ஒட்டவே இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த தானியமும் உப்புக்கண்டமும் தீர்ந்துபோகும் நேரத்தில் நாற்பது நாள் நோன்பு வருகிறது. இல்லாததை விடுவதற்கு ஒரு மரியாதை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அது மாசி, பங்குனி. கம்பும் குதிரைவாலியும் களத்திலிருந்து வீட்டுக்கு வந்து குலுக்கை நிறைந்திருக்கும். மல்லி விற்ற காசும், முதல் பருத்தி எடுப்பின் காசும் கையில் இருக்கும். வருஷத்தில் வயிறு நிறைந்த இரண்டு மாதத்தில் நோன்பு. குலுக்கையின் அடியை முறத்தால் சுரண்டும் ஆடி, ஆவணியில் பஞ்சாங்கம் என்ன சொல்கிறது? பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஒன்பதாம் ஞாயிறு, பத்தாம் ஞாயிறு, பதினோராம் ஞாயிறு. பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். எங்கள் பசிக்காலம் முழுக்கத் திருச்சபைக்குப் பெயரில்லாத ஞாயிறுகள்.

அப்பத்தாவிடம் சின்ன வயதில் நான் பெருமையாகச் சொன்னேன், லெந்தில் நாற்பது நாளும் கறி தின்னவில்லை என்று. அவள் பருத்தியிலிருந்து தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏய்யா, ஆடியில நாம கறி எடுத்தோமா?”

“இல்ல அப்பத்தா.”

“அதை யாரு நாப்பது நாளுன்னு எண்ணுனா?”

பிடியரிசி அவள் பஞ்சாங்கத்தின் நடுப்பக்கம். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். பழைய பவுடர் டப்பா, மூடி கிடையாது, அடுப்புக்கு வலப்பக்கம். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கொட்டிக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பெட்டியில் கொட்டுவார்கள். எல்லா வீட்டு அரிசியும் அங்கே கலக்கும். பழுப்பு, வெள்ளை, குருணை, இடையில் குதிரைவாலி. உபதேசியார் வீட்டுச் சோறு அதில்தான். ஒரு நாள்கூட அப்பத்தா அளவை மாற்றவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். மாற்றினாள். மழை பொய்த்த வருஷங்களில் அவள் பிடி சிறுத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். நான்கு விரல் மடங்கும். சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடி நிற்கும். அந்தச் சந்தில் கொஞ்சம் அரிசி நழுவிப் பானைக்குள் திரும்ப விழும். விழுந்ததை அவள் பார்க்காதது போல இருப்பாள். வேதத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையின் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான் என்று அதே வாய் ராத்திரி கதை சொல்லும்.

அம்மா காலத்திலும் டப்பா தொடர்ந்தது, அரிசிதான் மாறிவிட்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். விலையில்லாமல் வந்ததில் ஒரு பிடியைத் தேவனுக்குக் கொடுப்பது காணிக்கையா என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் கேள்வி வந்தது. நானும் யோசித்தேன், விடை கிடைக்கவில்லை. அம்மாவைக் கேட்டபோது, “மழையும் விலையில்லாமத்தானே வருது” என்று சொல்லிவிட்டு டப்பாவைத் துடைத்தாள்.

குருத்தோலை ஞாயிறு எங்கள் மண்ணுக்கென்றே வந்ததுபோல. எருசலேமில் வீசியது பேரீச்சை மட்டை, இங்கே பனங்குருத்து. சனிக்கிழமை சாயங்காலம் மரமேறுகிறவர் இறக்கிப் போடுவார். வெளிர்மஞ்சளாக, வாழைத்தண்டுபோலக் குளிர்ச்சியாக இருக்கும். அதைப் பிரித்து ஈர்க்கு நீக்கி, நான்காக மடித்து, ஒரு மடிப்புக்குள் இன்னொன்றைச் செருகி இழுத்தால் சிலுவை. இழுப்பது கொஞ்சம் கூடினால் கிழிந்துபோகும். அப்பா முதலில் சிலுவை செய்து காட்டுவார். எங்களுக்குச் செய்யத் தெரிந்தது கிலுகிலுப்பையும் காத்தாடியும். ஊர்வலத்தில் பாதிப் பிள்ளைகள் கையில் காத்தாடிதான் சுற்றும். சபைக் குருவான ஐயர் கண்டுகொள்ளமாட்டார். காய்ந்த சிலுவை ஒரு வருஷம் முழுக்க முன்கதவின் நிலைக்கு மேல் செருகியிருக்கும், பல்லி முட்டையோடு.

அந்த வாரத்து நிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான். ஆகவே பல வருஷங்களில் இரண்டுக்கும் ஒரே நிலா. சுற்றுப்பட்டில் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், முளைப்பாரி, ரேடியோ செட். எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி. மூன்று மணி வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானித்து முடித்துக் கோயிலிலிருந்து வரும்போது கஞ்சியும் தேங்காய்த் துவையலும். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தானாகப் போய் ரேடியோக்காரரிடம் குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னாள். “வேதக்காரங்க வீட்ல இன்னைக்குத் துட்டியாம்” என்றாளாம். துட்டி என்றால் சாவு வீடு. பெரிய வெள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அறுப்பின் பண்டிகையைச் சபைக்குச் சபை வேறுவேறு நாளில் வைப்பார்கள். எங்கள் ஊரில் தைப்பொங்கல் கழிந்து, கதிரெல்லாம் அடித்து முடித்த பிறகு. கம்பங்கருது, பூசணி, கோழி, பருத்திப்பொதி, ஒரு முழம் தறித்துணி என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள். மண் கலயத்தில் வருஷம் முழுக்கச் சேர்த்த சில்லறையை அங்கேயே உடைத்துக் கொட்டும் வீடுகளும் உண்டு. பிறகு ஏலம். ஆராதனையைவிட எனக்கு அதுதான் நினைவில் நிற்கிறது. ஒரு வருஷம் ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை. அதைக் கொண்டுவந்தவள் கைம்பெண், அவளிடம் வேறொன்றும் இல்லை. பத்து ரூபாய்க்கு எடுத்தவர் “கோயிலுக்கே” என்று திருப்பி வைத்தார். மறுபடி ஏலம். பதினைந்துக்கு எடுத்தவரும் “கோயிலுக்கே.” நாலாவது சுற்றில் ஏலம் விடுகிறவர் கையிலேயே முட்டை உடைந்துவிட்டது. விரலிடுக்கில் மஞ்சள் வழிகிறது, அவர் விடவில்லை: “உடைஞ்ச முட்டை ஒரு தரம்... ரெண்டு தரம்...” அறுபத்தைந்து ரூபாய்க்குப் போனது. கொண்டுவந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மார்கழி மாதம் விடியலில் பெருமாள் கோயில் பஜனை, ராத்திரியில் எங்கள் பஜனை. இப்போது ‘கேரல் ரவுண்ட்ஸ்’ என்கிறார்கள். மூங்கில் சிம்பில் கலர்க் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்தைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஆர்மோனியம், டோலக், பெட்ரோமாக்ஸ். வயலில் கம்பு கதிர் வாங்கியிருக்கும். மழை தீர்ப்புச் சொல்லி முடித்திருக்கும். கிறிஸ்துமஸ் எங்கள் மண்ணில் சரியான நேரத்துக்கு வருவதால்தான் வேரூன்றியது என்பது என் எண்ணம். திருவாதிரையும் அதே நாட்களில்தான். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் ஒரு பிள்ளை பிறந்ததும் ஆருத்ரா தரிசனத்தின்போது. மதுரையில் எங்கள் அமெரிக்கன் மிஷனின் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்து, 1896இல் திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆனார். மிஷன் அறிக்கை எழுதியவர்கள் இந்த மாணவரை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்களோ.

பஜனையைப் பற்றி இனிப்பாகவே எழுதி முடித்துவிட முடியாது. என் சிறுவயதில் நட்சத்திரம் ஒரு தெருமுனை வரை போய்த் திரும்பிவிடும். அந்த முனைக்கு அப்பாலும் வேதக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு நட்சத்திரம், வேறு டோலக். ஒரே பாட்டுத்தான், இரண்டு ராத்திரி. ஏன் என்று கேட்டபோது தாத்தா “அவங்களுக்கு அவங்க நாள்” என்றார். இப்போது பஜனை ஒன்றாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டுதான்.

எல்லா நாளும் நடந்தது ராத்திரி ஜெபம். அரிக்கேன் விளக்கு, ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு தாத்தாவின் ஜெபம். அது ஊர்ப்பெயர்களின் பட்டியல். கொழும்பில் இருக்கிற சின்னய்யா, பட்டாளத்தில் இருக்கிற மருமகன், பெருநாழியில் கட்டிக்கொடுத்த மகள், சிவகாசியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பேத்திகள். எனக்குப் பூகோளம் அங்கேதான் வந்தது. பட்டியல் முடிவதற்குள் நாங்கள் தூங்கிவிடுவோம். ஆமென் சத்தத்தில் எழுந்து கைகூப்பி, சுற்றி இருக்கும் எல்லோருக்கும் “தோத்திரம்” சொல்லிவிட்டு மறுபடி படுப்போம். இப்போது அப்பா வாட்ஸப் வீடியோவில் ஜெபிக்கிறார். திருப்பூர், ஓசூர், ஷார்ஜா என்று அவர் பெயர் சொல்லும் ஊர்க்காரர்களே திரையில் கட்டம் கட்டமாக இருக்கிறார்கள். பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டே. பட்டியல் மட்டும் நீளம் குறையவில்லை.

அப்பத்தாவுக்குப் பிறகு முன்தாளில் அம்மா எழுதினாள். 2016க்கு நேரே ஒன்றும் இல்லை. அந்த வருஷம் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். அம்மா அந்த வருஷத்தின் எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள்.

போன வருஷம் அட்டை கழன்றுவிட்டது என்று அந்த வேதப்புத்தகத்தை டவுனில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தோம். புத்தம்புது ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. திறந்து பார்த்தால் முன்தாளில் பாதி இல்லை. நைந்திருந்ததால் நறுக்கிவிட்டாராம். ஐப்பசிகள் போய்விட்டன, 1964 தப்பித்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு புத்தகம் இருந்தால், அது வேதமோ, பஞ்சாங்கமோ, கணக்கு நோட்டோ, பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் முதல் தாளையும் கடைசித் தாளையும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.